கிள்ளான்காரர் வயலில் நான் பூட்டிய ஏர்

சென்ற மாதம் கோலாலம்பூரிலிருந்து ஓர் ஆராய்ச்சியாளர் எனக்குக் கடிதம் எழுதியிருந்தார். மலாயாவில் வெகுகாலம் நடந்து பிறகு நின்றுபோன ஒரு தமிழ்ப் பத்திரிகையின் வரலாற்றை எழுதிக்கொண்டிருக்கிறாராம். அதில் ‘ஊர்த் தபால்’ என்ற பக்கத்தில் எங்கள் கிராமத்தைப் பற்றி நான் எழுதிய செய்திகள், தஞ்சைப் பக்கத்து விவசாய வாழ்க்கைக்கு மிகவும் நம்பத்தகுந்த ஆதாரமாக இருக்கின்றனவாம். மேற்கோள் காட்ட என் அனுமதி வேண்டுமாம்.

படித்ததும் கடிதத்தை மனைவியிடம் நீட்டினேன்.

“பாராட்டித்தானே எழுதியிருக்காரு, ஏன் மூஞ்சி இப்படிப் போவுது?” என்றாள் மனைவி.

“அதனாலதான்” என்றேன்.

எதை நம்பலாம், எதை நம்பக் கூடாது என்று ஒரு பக்கத்தில் அவருக்குப் பதில் எழுதிவிட்டேன். அந்த ஒரு பக்கத்தில் அடங்காததை இங்கே சொல்கிறேன்.

அப்போது எனக்கு இருபத்தைந்து வயது. நீடாமங்கலத்துக்கும் வலங்கைமானுக்கும் நடுவில் இருக்கும் எங்கள் ஊரில் கிளை நூலகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓர் அறை, இரண்டு பீரோ, ஒரு பெஞ்சு. சாயங்காலம் கறுப்பு சிவப்புக் கரை வேட்டிக்காரர்கள் பெஞ்சின் இந்தக் கோடியிலும், செங்கொடிக்காரர்கள் அந்தக் கோடியிலும் உட்கார்ந்து ஒரே தினசரியைப் பக்கம் பக்கமாகப் பிரித்து வாசிப்பார்கள். நடுவில் நான் உட்காருவேன். இரண்டு பக்கமும் தலையாட்டுவதில் எனக்கு நல்ல பயிற்சி உண்டு.

எங்கள் ஊரிலிருந்து கப்பலேறி, மலாயாவில் கிள்ளான் என்ற ஊரில் இருந்த ஒரு புண்ணியவான் எங்கள் நூலகத்துக்கென்று அந்தப் பத்திரிகைக்குச் சந்தா கட்டியிருந்தார். கப்பலில் நாகப்பட்டினம் வந்து, அங்கிருந்து ரயிலேறி, ஐந்தாறு வாரம் கழித்து ஒரு கட்டாக வந்து சேரும். பிரித்தால் ஒரு வாசனை வரும். ரப்பர் வாசனை என்று நான் எல்லோரிடமும் சொல்வேன். கப்பல் அடித்தளத்துக் கருவாட்டு வாசனை என்று தபால்காரர் சொல்வார்.

ஊரில் வேறு யாரும் அதைத் தொடவில்லை. நான் விளம்பரம்வரை வாசித்தேன். என்ன விசித்திரமான பத்திரிகை! முதல் பக்கத்தில் ரப்பர் விலை. இரண்டாம் பக்கத்தில் கல்யாணம், கருமாதி. காணாமல் போனவர்களைத் தேடும் பத்தி ஒன்று உண்டு: ‘மன்னார்குடி பக்கத்திலிருந்து கப்பலேறி வந்தவர், இடது காதில் கடுக்கன், எங்கிருந்தாலும் தாயாருக்கு ஒரு வரி எழுதவும்.’ கடைசிப் பக்கம் ‘ஊர்த் தபால்’. பட்டுக்கோட்டை, நன்னிலம், திருத்துறைப்பூண்டி என்று ஊர் ஊராகச் செய்தி. வாய்க்கால் தூர் வாரினார்கள், தேர் ஓடியது, இன்னாருக்குப் பேரன் பிறந்தான். கடல் தாண்டி உட்கார்ந்து ஒருவன் இதைக் காசு கொடுத்து ஏன் வாசிக்கிறான் என்று எனக்கு ஒரே குடைச்சல்.

பத்திரிகைக்கே எழுதிக் கேட்டேன். துணை ஆசிரியர் ஒருவர் பதில் போட்டார். என் கேள்விக்கு அரை வரி. மீதி முக்கால் பக்கமும் அவர் கேள்விகள்: ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டதா, புது ஆட்சியில் ஜனங்கள் எப்படி இருக்கிறார்கள், உங்கள் ஊருக்கு நிருபர் இல்லை, நீங்களே எழுதினால் என்ன? சம்பளம் கிடையாது. நிருபர் என்று ஒரு அட்டை அனுப்புவோம்.

அட்டை என்றதும் விழுந்துவிட்டேன். என் புகைப்படம் ஒட்டிய முதல் காகிதம் அது. அதைக் காட்டி நீடாமங்கலம் ஸ்டேஷனில் பிளாட்பாரம் டிக்கெட் இல்லாமல் உள்ளே போகப் பார்த்து, டிக்கெட் பரிசோதகரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு.

ஒரு செய்தி அனுப்பினால் கூடவே ஒரு கேள்வி வைப்பேன். அவர் அரை வரி பதில் போடுவார். அப்படி அரை அரை வரியாகத்தான் அந்தப் பத்திரிகையின் கதை எனக்குத் தெரியவந்தது. ஆரம்பித்தவர் நன்னிலத்துப் பக்கத்துக்காரர், தோட்டத்தில் கிராணியாக, அதாவது கணக்கெழுதும் குமாஸ்தாவாக இருந்தவர். தோட்டத்து ஜனங்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்து, எழுதிக் கொடுத்து, கை வலி தாங்காமல் ஒரு பழைய அச்சு யந்திரம் வாங்கினாராம். ஜப்பான்காரன் காலத்தில் காகிதம் கிடைக்காமல், தோட்டத்தில் ஆள் பேர் பதிகிற செக்ரோல் தாளின் பின்பக்கத்தில் கொஞ்ச நாள் அச்சடித்தார்கள். ஒரு பக்கம் சுதந்திரப் போர்ச் செய்தி, திருப்பினால் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போனவர்கள் பட்டியல். பிறகு அதுவும் நின்றது.

‘ஊர்த் தபால்’ பிறந்த கதைதான் எனக்குப் பிடித்தது. சண்டை முடியும்வரை வருஷக் கணக்காக ஊரிலிருந்து ஒரு கடிதம் வரவில்லை. முதல் தபால் கப்பல் வந்தபோது, கடிதம் வந்தவர்கள் அதை எடுத்துக்கொண்டு பத்திரிகை ஆபீசுக்கு ஓடி வந்தார்களாம். கடிதம் வராதவர்களும் ஓடி வந்தார்களாம், பக்கத்து ஊர்க்காரன் கடிதத்தில் தன் ஊர் பெயர் இருக்கிறதா என்று பார்க்க. ஆசிரியர் எல்லாக் கடிதங்களையும் வாங்கி அப்படியே அச்சில் போட்டுவிட்டார். அன்றிலிருந்து அந்தப் பக்கம்.

பழைய இதழ்கள் சிலவற்றைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். ஆரம்பத்தில் ‘மகாஜனங்களுக்கு விக்ஞாபனம்’ என்று இருந்தது. பிறகு ‘பொதுமக்களுக்கு அறிவிப்பு’ ஆனது. அக்கிராசனர் தலைவரானார், நமஸ்காரம் வணக்கமானது. இங்கே மேடையில் பேச்சு மாற மாற, அங்கே அச்சில் எழுத்து மாறியிருக்கிறது. சில மாற்றங்கள் எங்கள் ஊருக்கு வருவதற்கு முன்பே அங்கே வந்துவிட்டன. எப்படி என்று கேட்டேன். ‘இங்கே தேங்காய் உடைக்க வேண்டிய சாமிகள் குறைவு’ என்று அரை வரி. கேட்டுச் செய்யவேண்டிய பெரியவர்கள் குறைவு என்று நான் அர்த்தம் பண்ணிக்கொண்டேன்.

இப்போது என் குற்றத்துக்கு வருகிறேன்.

துணை ஆசிரியர் ஒரு யோசனை சொல்லியிருந்தார்: பெயர்கள் நிறைய வரட்டும், வாசகர் தன் பெயரைத்தான் முதலில் தேடுகிறார். சித்திரை முதல் நாள் எங்கள் பக்கத்தில் நல்லேர் பூட்டுவோம். மாட்டுக்குப் பொட்டு வைத்து, வருஷத்தின் முதல் உழவை வயலில் பேருக்கு ஓட்டுவது. அதை எழுதினேன். ஊரில் கால்வாசி நிலம் கப்பலேறிப் போனவர்களுடையது. உழுதவன் பெயரைப் போட்டால் அங்கே யாருக்கு அவனைத் தெரியும்? ஆகவே எல்லா ஊர் நிருபர்களும் செய்வதைத்தான் நானும் செய்தேன். நிலத்துக்காரர் பெயரைப் போட்டு, அவர் குடும்பத்தில் யாராவது ஒருவர் ஏர் பூட்டியதாக எழுதினேன். நூலகத்துக்குச் சந்தா கட்டிய கிள்ளான்காரர் நிலத்துக்கு அவர் மைத்துனர். ‘கிள்ளான் அன்பர் அவர்களின் வயலில் அவரது மைத்துனர் நல்லேர் பூட்டி, சொந்தச் சாகுபடியைச் சிறப்புறத் தொடங்கினார்.’ சிறப்புற என்ற சொல்லில் எனக்கு அப்போது ஒரு பிரியம்.

மூன்று வருஷம் இப்படி எழுதினேன். ஒரு சித்திரை முதல் நாளும் நான் வயல் பக்கம் போனதில்லை. வெயில்.

நாலாவது வருஷம் சட்டம் வந்தது. குத்தகைக்கு உழுகிறவர்கள் தங்கள் பெயரைப் பதிவு செய்துகொள்ளலாம், பதிந்துவிட்டால் இஷ்டத்துக்கு வெளியேற்ற முடியாது. அதற்கென்று தனியாக ஒரு தாசில்தாரைப் போட்டார்கள். ஊரே இரண்டுபட்டது. என் பெஞ்சில் ஒரே தினசரியைப் பிரித்து வாசித்தவர்கள் ஆளுக்கு ஒரு தினசரி வாங்க ஆரம்பித்தார்கள்.

ஒரு நாள் காலை நூலகத்துக்குள் ஓர் அம்மாள் வந்து நின்றார். ஐம்பது வயது இருக்கும். கிள்ளான்காரரின் நாலு மா நிலத்தைக் குத்தகைக்குச் செய்துகொண்டிருந்தவர். ஒன்றேகால் ஏக்கருக்குச் சற்று மேலே. கணவர் உயிரோடு இருந்தபோது அவரும், போன பிறகு இவரும். இவருடைய மாமனார் காலத்தில் அதே நிலத்தில் பண்ணையாள். பண்ணையாட்கள் குடியிருந்த தெருவிலிருந்து நூலகத்துக்குள் வந்த முதல் ஆள் அவர்தான். அதுவரை அவரை நான் என்ன சொல்லிக் கூப்பிட்டேன் என்று யோசித்தால், கூப்பிட்டதே இல்லை. அவருக்கு அந்தச் சங்கடமெல்லாம் இல்லை.

“தம்பி, மலாயாப் பேப்பருக்கு எழுதுறது நீங்கதானாமே?”

“ஆமாம்” என்றேன், பெருமையாக. அட்டையை எடுக்கக்கூடப் போனேன்.

“என் நெலத்த அந்த மச்சான்காரரு உழுவுறதா எழுதினீங்களாமே?”

கை சட்டைப்பையிலேயே நின்றுவிட்டது.

விஷயம் இதுதான். அவர் பதிவுக்கு மனுக் கொடுத்திருந்தார். மைத்துனர் அதை எதிர்த்து, இது சொந்தச் சாகுபடி, குத்தகையே கிடையாது, இந்த அம்மாள் கூலிக்கு வந்தவர் என்று பதில் கொடுத்துவிட்டார். ஆதாரம்? கிள்ளானிலிருந்து வரவழைத்த மூன்று பத்திரிகைத் துண்டுகள். மூன்று சித்திரை. மூன்றும் சிறப்புற.

“குத்தகைச் சீட்டு ஏதாவது இருக்கா?” என்று கேட்டேன்.

“எங்களுக்கு யாரு தம்பி சீட்டு குடுத்தா? நெல்லு அளந்தோம், வாங்கிக்கிட்டாங்க. இப்ப இது போச்சுன்னா நானும் என் தம்பியும் மறுபடி அவங்க களத்துல கூலிக்கு நிக்கணும்.” அவர் பீரோவைப் பார்த்தார். “வண்டிக்காரரு வீட்டுல ஆடு மூணு குட்டி போட்டதக்கூட எழுதினீங்களாம். நான் அந்த வயல்ல ஆட்டுக்குட்டி அளவுக்குக்கூடத் தெரியலியா?”

நான் விளக்கினேன். அங்கே இருப்பவர்கள் சந்தோஷத்துக்காக எழுதுவது, எல்லா ஊர் நிருபர்களும் செய்வது, யாருக்கும் கெடுதல் நினைத்து எழுதவில்லை.

“அவங்க சந்தோஷப்பட்டாச்சு. புதன்கிழமை நீடாமங்கலத்துல விசாரண. வந்து பொய்யுன்னு சொல்லிடுங்க.”

“கட்டாயம்” என்றேன். அவர் வாசலைத் தாண்டியதும் எனக்குக் குளிர் எடுத்தது.

மைத்துனர் லேசுப்பட்டவர் இல்லை. என் அப்பாவின் வயலுக்குத் தண்ணீர் வரும் மதகு அவர் வரப்பில் இருந்தது. அது போக, அரசாங்கத்தின் முன்னால் நின்று நான் பொய்யன் என்று நானே சொல்ல வேண்டும். ஜெயிலில் போடுவார்களா? நூலக வேலை போகுமா? அட்டையைப் பிடுங்குவார்களா? கடைசிக் கவலைதான் அதிகமாக வாட்டியது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. இரண்டு நாள் கஞ்சி குடித்தேன். அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்து, சூடே இல்லையே என்றாள். உள்சூடு என்றேன்.

புதன்கிழமை காலை எனக்கு ஒரு அற்புதமான யோசனை வந்தது. மூன்று வருஷத்துப் பத்திரிகைகளையும் வெண்ணாற்றில் போட்டுவிட்டு, தஞ்சாவூர் ரயிலேறி அக்கா வீட்டுக்குப் போய்விடுவது. பத்திரிகைகளை ஆற்றில் போட்டால் தாசில்தார் கையில் இருக்கும் துண்டுகள் எப்படி மறையும் என்று இப்போது கேட்கத் தோன்றும். அன்றைக்குத் தோன்றவில்லை. பத்திரிகைக் கட்டைச் சைக்கிள் கேரியரில் வைத்துக் கட்டிக்கொண்டு கிளம்பினேன்.

பாலத்தில் நிறுத்தினேன். கயிற்றை அவிழ்த்தேன். மேலே இருந்த இதழைப் போட எடுத்தவன், போடுவதற்கு முன்னால் ஒரு தடவை வாசித்துவிடலாம் என்று பிரித்தேன். எனக்கு அது ஒரு வியாதி. மளிகைக் கடைப் பொட்டலத்தைக்கூட மடித்து வாசித்துவிட்டுத்தான் எறிவேன். ரப்பர் விலை, ஒரு கல்யாணம், ஒரு தீமிதி. அடுத்தது. அதற்கடுத்தது. பாலத்துக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து அரை மணி நேரம் வாசித்திருப்பேன். அப்போது அது கண்ணில் பட்டது.

‘கிள்ளானில் சித்திரைப் புத்தாண்டு விழா. தாயகத்திலிருந்து வருகை தந்திருக்கும் அன்பர் மாலையிட்டு வரவேற்கப்பட்டார்.’ கீழே மங்கலான ஒரு படம். கழுத்து தெரியாத அளவுக்கு மாலை. மாலைக்கு மேலே மைத்துனரின் மீசை.

இரண்டாவது வருஷத்து இதழ். அதே சித்திரை முதல் நாள்தான், ஆறு வாரம் கழித்து வந்த இதழில், அவர் எங்கள் ஊரில் ஏர் பூட்டுகிறார். என் கைங்கர்யம்.

அவர் ஒரு தடவை கப்பலேறிப் போய் வந்தது ஊருக்கே தெரியும். எந்த வருஷம், எந்த மாதம் என்பதுதான் யாருக்கும் நினைவில் இல்லை. வந்த நாளில் இதை வாசித்திருந்தும், என் செய்தியோடு சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. பாலத்தில் நின்று நான் வியந்துபோனேன். அந்தப் பத்திரிகையின் முன்பக்கங்களில் பொய் எழுத முடியாது; விழாவுக்குப் போனவனே வாசிக்கிறான். கடைசிப் பக்கத்தில் என்ன வேண்டுமானாலும் எழுதலாம். பார்த்தவன் யாரும் வாசிப்பதில்லை. இத்தனை வருஷம் இரண்டையும் ஒரே ஊசியால் தைத்து அனுப்பியிருக்கிறார்கள்.

ஆற்றில் போடவில்லை. ஆனால் அக்கா வீட்டு யோசனையையும் விடவில்லை. ஸ்டேஷன் பக்கம் மிதித்தேன். ரயில்வே கேட் சாத்தியிருந்தது. நீடாமங்கலம் கேட்டைப் பற்றி எங்கள் பக்கத்தில் யாருக்கும் சொல்லவேண்டியதில்லை. எஞ்சின் முன்னே போகும், பின்னே வரும், யோசிக்கும். எனக்கு வலது பக்கம் ஒரு கார். அதில் மைத்துனர். இடது பக்கம் ஒரு குடை. அதன் கீழே அந்த அம்மாளும் அவர் தம்பியும்.

“என்ன நிருபர் சார், நீங்களும் விசாரணைக்கா?” என்றார் மைத்துனர், கண்ணாடியை இறக்கி. “நல்லதாப் போச்சு. நம்ம பக்கம் ஒரு வார்த்த சொல்லிட்டுப் போங்க.”

“ரயிலுக்குப் போறாரு போலருக்கு” என்றார் அந்த அம்மாள், என் தோள்பையைப் பார்த்து. “துணியெல்லாம் எடுத்து வச்சிருக்காரு.”

“சேச்சே.”

“அது என்ன தம்பி கட்டு?”

“பேப்பர்.”

“எதுல நான் இல்லையோ அதுவா?”

கேட் திறந்தது. பின்னால் மாட்டு வண்டிக்காரர்கள் கத்தினார்கள். தண்டவாளத்தைத் தாண்டியதும் ஸ்டேஷன் இடது பக்கம், தாசில்தார் விசாரிக்கும் முகாம் நேரே. குடை எனக்கு இடது பக்கமாகவே நடந்து வந்தது. அதை இடிக்காமல் திரும்ப முடியவில்லை. என் வீரத்தின் முழு விவரம் இவ்வளவுதான்.

தாசில்தார் சின்ன வயசுக்காரர். துண்டுகளை மேஜையில் பரப்பி வைத்திருந்தார்.

“இத எழுதினது நீங்களா?”

“ஆமாம் சார்.”

“நேரில பாத்து எழுதினீங்களா?”

“இல்ல சார். பொய் சார்.”

குமாஸ்தா பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

“அப்போ எழுதினது பொய், இப்போ சொல்றது நெஜம். நடுவுல என்ன ஆச்சு?”

“ஜுரம் வந்தது சார்.”

“பத்திரிகையில அச்சா வந்தத பொய்யுங்கறாரு சார்” என்று மைத்துனர் எழுந்தார். “யாரோ மெரட்டியிருக்காங்க.”

“பொய்யருன்னு அவரே ஒத்துக்கறாரு. பொய்யரு சொல்றத நான் எப்படி எடுத்துக்கறது?” என்றார் தாசில்தார், நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டவர் போல.

நான் கட்டைப் பிரித்தேன். மூன்று வருஷமும் தரையில் கொட்டிவிட்டது. நானும் குமாஸ்தாவும் முட்டிபோட்டுத் தேடினோம். மாலை போட்ட படத்தை எடுத்து மேஜைமேல் வைத்தேன். தாசில்தார் படத்தைப் பார்த்தார். மைத்துனரைப் பார்த்தார். துண்டை எடுத்துத் தேதி பார்த்தார்.

“ஒரே நாள்ல இங்க ஏரு, அங்க மாலை. ஏரோப்ளேனா?”

மைத்துனர் படத்தை எட்டிப் பார்த்தார். பிறகு, “அந்த வருஷம் நான் அங்க இருந்தது வாஸ்தவம். ஏர் பூட்டினது நம்ம ஆளு” என்றார்.

“ஆளு பேரு?”

மைத்துனர் மேலே பார்த்தார். மேலே ஓடு.

“அவருக்குத் தெரியாதுங்க” என்றார் அந்த அம்மாள். “ஏர் புடிச்சது என் தம்பி. இந்தா நிக்கிறான். மாடும் வெதையும் எருவும் என்னுது.”

என் வாக்குமூலத்தால் வழக்கு ஜெயித்தது என்று நான் சொல்லிக்கொண்டால் அதுவும் சிறப்புற வகைதான். தாசில்தார் மூன்று துண்டுகளையும் ஒதுக்கி வைத்தார். நான் செய்த உதவி அவ்வளவே. பக்கத்து வயல்காரர்கள் இரண்டு பேர் வந்து, அந்த நிலத்தில் இந்த அம்மாளைத் தவிர வேறு யாரையும் பார்த்ததில்லை என்று பயப்படாமல் சொன்னார்கள். அடுத்த மாதம் பதிவேட்டில் அவர் பெயர் ஏறியது. எங்கள் மதகுக்கு மைத்துனர் ஒன்றும் செய்யவில்லை. என் அப்பாவிடம் மட்டும், “உம்ம புள்ளைக்குப் படிக்கிற வியாதி ஜாஸ்தி” என்றாராம்.

அடுத்த சித்திரைக்கு முந்தின நாள் அந்த அம்மாள் மறுபடி நூலகத்துக்கு வந்தார்.

“நாளைக்கு நல்லேரு. வந்து பாத்துட்டு எழுதுங்க.”

போனேன். காலை வெயிலில், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, வெடித்துக் கிடந்த வயலில் நொண்டினேன். தம்பி ஏர் பிடித்தார். மாட்டுக் கொம்பில் மஞ்சள் துணி. அந்த அம்மாள் ஒரு கைப்பிடி விதையை வீசினார். மூன்று சுற்று. அவ்வளவுதான். மூன்று வருஷம் நான் சிறப்புற எழுதியது இதைத்தானா என்று ஆச்சரியமாக இருந்தது. நோட்டை எடுத்தேன்.

“என்ன எழுதப் போறீங்க?” என்று கேட்டார்.

“உள்ளத.”

“என் பேரு?”

“முதல் வரியிலயே.”

“தம்பி பேரு?”

“இரண்டாவது வரி.”

அவர் மாடுகளைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

“அந்த எடது மாடு எங்களுது இல்ல. எங்களுது காலு புண்ணாப் போச்சு, கீழத்தெருவுல கேட்டு வாங்கியாந்தேன். அத எழுதாதீங்க.”

“பாத்தத எழுதணும்னு நீங்கதானே சொன்னீங்க?”

“நெலம் என் பேர்ல பதிஞ்சிருக்குன்னு எழுதுங்க. ஏரு நான் பூட்டினேன்னு எழுதுங்க. ரெண்டு மாடும் ஒரே நெறம், பாக்குறவங்களுக்கு ஒரே வீட்டு மாடாத்தானே தெரியுது? அங்க கிள்ளான்ல எங்க ஆளுங்களும் இருக்காங்க தம்பி. மாடு எரவல்னா என்ன நெனைப்பாங்க?”

அவர் சொல்லச் சொல்ல நான் நோட்டில் எழுதியிருந்ததைப் பார்த்தேன். ‘இரவல் மாடு’ என்று இருந்தது.

“ஜோடி மாடுன்னு போடுங்க” என்றார்.

போட்டேன்.